மணலும் கரண்டும்

பதுளையில் தாதிமாருக்குப் பயிற்சி கொடுக்கும் பள்ளிக்கு அந்த மெசின் வந்த வாரம், கச்சான் காற்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. எழுபத்தொன்பதாம் வருஷம், ஆகஸ்ட் மாதம். ஜன்னலைச் சாத்தினால் வகுப்பறை புழுங்கியது. திறந்தால் மூலையில் தொங்கிய எலும்புக்கூடு கையை ஆட்டியது. பிள்ளைகள் மேசையைச் சுற்றி நின்று, பெட்டிக்குள்ளிருந்து வைக்கோலை விலக்கி எடுக்கப்படும் பொருளைப் பார்த்தார்கள். சின்ன ரேடியோப் பெட்டி அளவு. முகத்தில் ஒரு வட்டக் கண்ணாடி. சுருண்ட வயரின் நுனியில், இஸ்திரிப் பெட்டியின் பிடி போல இரண்டு கைப்பிடிகள்.

பூங்காவனம் இரண்டாம் வருஷப் பிள்ளை. மடுல்சீமைக்கு அப்பால், கரடிக்கல் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள். பிரஜாவுரிமை கிடைத்த குடும்பம் என்பதால் விண்ணப்பம் போட முடிந்தது. மற்றதெல்லாம் அவள் படிப்பு. ஆனால் பாடம் சிங்களத்தில் நடந்தது. நடுநடுவே இங்கிலீஷ் சொற்கள் கல் மாதிரி வந்து விழும். அதனால் எப்போதும் நளீராவுக்குப் பக்கத்திலேயே நிற்பாள். நளீரா பதுளை பஸாரில் பிடவைக் கடை வைத்திருக்கும் ஜுனைதீனுடைய மகள். மூன்று பாஷையும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

சோமாவதி மிஸ் மெசினைத் தட்டிக்காட்டி நெடுநேரம் பேசினார்.

"என்னடி சொல்றாங்க?"

"நெஞ்ச நிப்பாட்டத்தான் கரண்டாம்," என்றாள் நளீரா வாயை அசைக்காமல்.

"நிப்பாட்டவா, ஓட வைக்கவா?"

"நிப்பாட்டத்தான். சில நேரம் நெஞ்சு ஓடவும் மாட்டாம, நிக்கவும் மாட்டாம சும்மா நடுங்கிட்டு ஈக்குமாம். அப்ப ரத்தம் போகாதாம். ஒரு அடி அடிச்சு அந்த நடுக்கத்த நிப்பாட்டினா, பொறகு அதுவாவே ஒழுங்கா ஓடத் தொடங்குமாம்."

"அப்ப ஒரேயடியா நின்னு போன நெஞ்சுக்கு?"

நளீரா கையைத் தூக்கி மிஸ்ஸிடம் கேட்டாள். மிஸ் தலையை ஆட்டினார்.

"அதுக்கு இது வேல செய்யாதாம்."

பூங்காவனம் கொப்பியில் எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். ஓடுகிற நெஞ்சுக்கு வேண்டாம். நின்ற நெஞ்சுக்குப் பிரயோசனமில்லை. நடுங்குகிற நெஞ்சை நிறுத்தினால் ஓடும். மூன்று வரியையும் வாசித்துப் பார்த்தாள். யாரோ விளையாட்டுக்குச் சொன்னது போலிருந்தது.

மிஸ் இன்னும் ஏதோ சொன்னார். நளீரா மெசினைப் பார்த்தபடியே மாற்றிச் சொல்லிக்கொண்டு போனாள். "கரண்டு புடிச்ச ஆக்களுக்கும் அநேகமா இப்பிடித்தானாம். பாத்தா மவுத்தான மாதிரி கெடப்பாங்களாம். ஆனா உள்ள நெஞ்சு நடுங்கிட்டு ஈக்குமாம். நாலு நிமிஷத்துக்குள்ள நெஞ்சுல கைய வச்சு அமுக்கத் தொடங்கணும். மெசின் வர்ற வரைக்கும் அமுக்கிட்டே ஈக்கணும். நாலு நிமிஷம் தாண்டினா மூள... ஏண்டி, எழுதலியா?"

பூங்காவனத்தின் பென்சில் நின்றுவிட்டது.

பயிற்சிக்கு ஒரு மெத்தையைச் சுருட்டி ஆள் மாதிரிக் கட்டி, நெஞ்சில் ஒரு சோதனைப் பலகை பொருத்தியிருந்தார்கள். ஒவ்வொருத்தியாக வந்து கைப்பிடிகளில் களிம்பு தடவி, பலகையில் வைத்து, "அயின் வென்ன" என்று சத்தம் போட்டு எல்லோரையும் விலகச் சொல்லி, பட்டனை அழுத்த வேண்டும். மெசின் கரண்டை ஏற்றிக்கொள்ளும்போது கொசு பாடுவது போல மெல்லிய விசில் கிளம்பும். பூங்காவனத்தின் முறை வந்தது. களிம்பைத் தடவினாள். கைப்பிடிகளை வைத்தாள். விசில் ஏறியது. அவள் அப்படியே நின்றாள்.

"ஒபன்ன," என்றார் மிஸ். அழுத்து என்று அர்த்தம். அதற்கு நளீரா தேவையில்லை.

அவளால் முடியவில்லை. கைப்பிடிகளை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு விலகினாள். மிஸ் கோபிக்கவில்லை. புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை இன்னொரு தடவை. அதிலும் முடியாவிட்டால் இந்த வார்டுப் பயிற்சி முழுவதும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும்.

"ஒனக்கு என்ன நடந்திச்சு?" என்று விடுதிக்குப் போகும் வழியில் நளீரா கேட்டாள்.

"ஒன்னுமில்ல. கை வழுக்குச்சு."

சனிக்கிழமை காலையில் பஸ் ஏறினாள்.

பசறை தாண்டியதும் காற்று பஸ்ஸை ஒரு பக்கமாகத் தள்ளியது. மலை முழுக்கத் தேயிலை காய்ந்து, கொழுந்து சிறுத்துப்போயிருந்தது. இந்தக் காற்றில் வரும் கொழுந்துக்குத்தான் வாசனை என்பார்கள். எடுக்கிறவர்களுக்கு அதில் கிடைப்பது வெடித்த உதடுதான். மடுல்சீமையில் இறங்கி மூன்று மைல் நடந்தாள். வழியெல்லாம் அவள் மனம் ஒரே இடத்தில் சுற்றியது.

அவளுடைய அண்ணன் அழகர் செத்து ஒன்றரை வருஷம். இருபத்திரண்டு வயது. தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையை எல்லோரும் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அங்கே கொழுந்து வாட்டும் மாடியில், ஈரக் கையோடு காற்றாடி மோட்டாரின் பெட்டியைத் தொட்டான். கீழே கொழுந்து உருட்டும் ரோலரை ஓட்டிக்கொண்டிருந்த அப்பா மாரிசாமி சத்தம் கேட்டு ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினார். அம்மா நல்லம்மா அந்த நேரம் கொழுந்து நிறுக்க வந்தவள். கூடையோடு மாடிக்கு ஏறினாள். "மணல் கொண்டாங்க, மணல்ல பொதைங்க, கரண்டு எறங்கிரும்" என்று கத்தியது அவள்தான். கீழே தூக்கிவந்து, சுவர் பூசக் குவித்திருந்த மணலில் குழி பறித்து, அழகரைக் கழுத்துவரை மூடினார்கள். அரை மணி நேரம் கழித்து மருந்துக்கார ஐயா வந்தார். கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்தார். அப்பாதான், "எடுத்துருங்கப்பா" என்றார்.

"வேணாம், இன்னுங் கொஞ்ச நேரம் இருக்கட்டும், அவன் உதடு அசைஞ்சிச்சு," என்று அம்மா அவர் காலைப் பிடித்தாள். எடுத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து அம்மா அப்பாவோடு பேசுவதில்லை. சமைப்பாள், தட்டை வைப்பாள், துணி துவைப்பாள். பேச்சு மட்டும் கிடையாது. பூங்காவனம் விடுதிக்குப் போனபிறகு, இடையில் நின்று சொல்ல ஆளும் இல்லாமல், ரொட்டி ஆறுகிறது என்பதைக்கூட வாசலில் மேயும் கோழியிடம்தான் சொல்கிறாள் என்று பக்கத்துக் காம்பரா வீட்டுக் கருப்பம்மாக்கா சிரித்துக்கொண்டே ஒருநாள் சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

இப்போது பூங்காவனத்துக்குத் தெரிந்துவிட்டது. மணலால் ஒரு பயனும் இல்லை. அதைச் சொன்னால் அப்பாமீது இருக்கும் பழி போய்விடும். ஆனால் மணல் என்று கத்தியது அம்மா. நாலு நிமிஷம் போனது அந்தக் குழியைப் பறிப்பதில். ஒருத்தர்மேலிருந்து இறக்கினால் மற்றவர்மேல் ஏறும் பாரம் அது. யார்மேலும் ஏற்றாமல் வைக்க ஓர் இடம் இருக்கிறதா என்று யோசித்தபடியே லயத்துக்கு வந்து சேர்ந்தாள்.

"வாடி. எளச்சிட்ட," என்றாள் அம்மா. கொழுந்துக் கறை படிந்த விரலால் மகளின் கன்னத்தைத் தொட்டாள். "ஆசுபத்திரியில சோறு போடுறாங்களா, வெறும் மருந்துதானா?"

சாயந்தரம் அப்பா வேலை முடிந்து வந்தார். தலைமயிரிலும் புருவத்திலும் தேயிலைத் தூசி. மகளைப் பார்த்து, "எப்ப வந்த தாயி?" என்றார். குளித்துவிட்டு அடுப்பங்கரை ஓரமாக உட்கார்ந்தார். அம்மா கல்லில் ரொட்டியைப் புரட்டினாள். கொச்சிக்காயும் வெங்காயமும் மாசிக் கருவாடும் சேர்த்து இடித்த சம்பல்.

"ரொட்டி போதுமான்னு கேளு," என்றாள் அம்மா.

"அப்பா, போதுமா?"

"இன்னொன்னு வைக்கச் சொல்லு."

கைக்கெட்டும் தூரத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மா திடீரென்று கேட்டாள். "ஏண்டி, அங்க கரண்டு புடிச்ச ஆளுகளக் கொண்டாந்தா என்ன செய்வாங்க? மணல் வச்சிருக்காங்களா?"

அப்பாவின் கை ரொட்டியில் நின்றது.

"மணல் இல்லம்மா. ஒரு மெசின் இருக்கு. இப்பத்தான் வந்துச்சு. இந்த வாரம்."

"மெசின் என்ன செய்யும்?"

"நெஞ்சுக்குக் கரண்டு குடுக்கும்."

அம்மா அகப்பையைக் கீழே வைத்தாள். "கரண்டா? அதுதானடி அவனக் கொன்னுச்சு."

"இது வேற மாதிரிக் கரண்டும்மா."

"கரண்டுல என்ன வேற மாதிரி? அக்கா கரண்டு, தங்கச்சி கரண்டுன்னு இருக்கா? செத்தவனப் போட்டு மறுபடியும் அடிப்பாங்களா?"

"செத்திருக்க மாட்டாங்கம்மா. நெஞ்சு நடுங்கிட்டு இருக்கும். அத நிப்பாட்டணும். நிப்பாட்டினா..."

"நிப்பாட்டினா?"

"ஓடும்."

தன் காதிலேயே அது பைத்தியக்காரப் பேச்சாக விழுந்தது. நளீரா சொன்னபோதாவது கொஞ்சம் விளங்கியது. அம்மா அவளை உற்றுப் பார்த்தாள்.

"ஒன்னைய என்னமோ படிக்க வைக்கிறாங்கன்னு நெனச்சேன்," என்று சொல்லிவிட்டு அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள். "நீ அந்த மெசினத் தொடாத. நான் ஒன்னப் பெத்தவ சொல்றேன். தொடாத."

அப்பா பாதி ரொட்டியோடு எழுந்து கைகழுவிக்கொண்டு வாசல் இஸ்தோப்புக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், லயத்துக்குப் பின்னால் உள்ள காய்கறித் தோட்டத்தில் லீக்ஸுக்கு மண் அணைக்கப் போனார் அப்பா. பூங்காவனம் தண்ணீர் வாளியோடு பின்னால் போனாள். காற்று கொஞ்சம் தணிந்திருந்தது.

"மெசின் இல்லாம," என்றார் அப்பா நிமிராமல், "கையால ஏதாச்சும் செய்யலாமா?"

அவள் வாளியைக் கைமாற்றிப் பிடித்தாள்.

"ஆளு மேல ஏறி அமுக்குறதா?"

"ஒங்களுக்கு எப்பிடிப்பா தெரியும்?"

அவர் மண்வெட்டியை ஊன்றி நின்றார். "ஸ்டோருல மெயின் சுவிட்சு இருக்குல்ல, அதுக்கு மேல ஒரு படம் தொங்குது. வெள்ளக்காரத் தொர காலத்துல ஆணியடிச்சது. இங்கிலீசுல என்னமோ எழுதியிருக்கும். ஒருத்தன் தரையில கெடப்பான், இன்னொருத்தன் அவன்மேல ஏறி அமுக்கிட்டு இருப்பான். இருவது வருசமா தெனமும் பாக்கிறேன் தாயி. சண்ட போட்டா இப்பிடித்தான் ஆகும்னு எச்சரிக்க போட்டிருக்காங்கன்னு நெனச்சிருந்தேன்."

"யாரு சொன்னா அது அப்பிடி இல்லன்னு?"

"அவன் காரியம் முடிஞ்சு ஒரு மாசத்துல கிளார்க்கரு ஐயாகிட்ட வாசிக்கச் சொன்னேன். கரண்டு புடிச்சா செய்ய வேண்டிய முறைன்னு வாசிச்சாரு." அவர் லீக்ஸ் தாளில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் துடைத்தார். "சுவிட்ச எறக்குன கை அப்பிடியே அதுக்குக் கீழதான் நின்னுச்சு. கண்ணுக்கு நேரே."

பூங்காவனத்துக்கு வாளியைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

"அம்மாகிட்ட சொல்லலியா?"

"எதுக்கு?"

"ஒங்ககூடப் பேசாம இருக்காங்களே. மணல்ல ஒன்னும் இல்லன்னு தெரிஞ்சா..."

"எங்கூடப் பேசாம இருந்தா இருந்துட்டுப் போறா. அதத் தாங்கிக்கலாம். இது தெரிஞ்சா அவகூட அவளே பேசமாட்டா." அவர் மறுபடி குனிந்தார். "நீயும் சொல்லாத."

ஒரு பாத்தியை முடித்தார். அப்புறம், தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். "ஒரு காரியம் செய். ஒங்க மிஸ் சொல்லிக் குடுத்தத தமிழ்ல பெருசா எழுதிக் குடு. அந்த இங்கிலீசுப் படத்துக்குப் பக்கத்துல ஒட்டுறேன். இப்ப சீசன், ராப்பகலா மெசின் ஓடுது. மூனு புதுப் பயலுக வந்திருக்கானுக. ஆனா, படம் போடாத. எழுத்து மட்டும். கொழுந்து நிறுக்க வர்றப்ப ஒங்கம்மா கண்ணுல படும். அவளுக்கு வாசிக்கத் தெரியாது."

"ஸ்டோருல எத்தன பேருக்குப்பா வாசிக்கத் தெரியும்?"

அவர் மனசுக்குள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "கணபதி வாசிப்பான். நல்லையா கூட்டி வாசிப்பான்."

"மத்தவங்க?"

அப்பா அடுத்த பாத்திக்குப் போனார். இரண்டு வெட்டு வெட்டினார். வேலியோரத்தில் நின்று, ஸ்டோரின் தகரக் கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப படத்தையும் போடு," என்றார்.

மத்தியானம் அம்மா விறகுக்குப் போயிருந்த நேரத்தில், பழைய கலண்டர் தாளைத் திருப்பித் தரையில் விரித்து, பூங்காவனம் வரைந்தாள். முதலில் சுவிட்சை இறக்கு. ஆளை மல்லாக்கப் போடு. நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வை. எழுத்து கைக்கு வந்தது. மனித உருவம்தான் வரவில்லை. கிடக்கிறவனுக்கு மூன்று தடவை தலை வரைந்து அழித்தாள். எப்படி வரைந்தாலும் அது அண்ணன் மாதிரியே வந்தது. அப்பா சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை பூங்காவனம் அந்தப் பட்டனை அழுத்தத்தான் போகிறாள். அம்மாவின் தடையை மீறித்தான் அழுத்துவாள். மிஸ் தலையசைத்து அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவார். இந்த ஞாயிற்றுக்கிழமை அது அவளுக்குத் தெரியாது. தாளில் கிடந்தவனின் முகத்தை என்ன செய்வது என்பதுதான் அப்போது அவளுடைய கவலை.

விறகுக் கட்டு வாசலில் விழுந்த சத்தம் கேட்டது. தாளை மறைக்க நேரமில்லை. அம்மா தலையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டே உள்ளே வந்து, குனிந்து பார்த்தாள்.

"என்னடி இது?"

"ஸ்டோருக்கு. அப்பா கேட்டாரு."

அம்மா உட்கார்ந்தாள். விரலால் படத்தைத் தொட்டாள். கிடக்கிறவனை, பிறகு அமுக்குகிறவனை. அப்பா சுவரைவிட்டு நிமிர்ந்தார்.

"ஏங்க," என்றாள் அம்மா.

பூங்காவனம் தலையைத் தூக்கவில்லை. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல் அந்தக் காம்பராவுக்குள் கேட்டது.

"இந்தப் படம் அங்க முந்தியே இருந்துச்சா?"

"இல்ல," என்றார் அப்பா.

"பொய் சொல்லாதீங்க. சுவிட்சுக்கு மேல இருக்கு. கொழுந்து நிறுக்க நிக்கிறப்ப நானும் பாத்திருக்கேன். எவனோ எவனையோ அடிக்கிறான்னு நெனச்சேன்." குரலில் கோபம் இல்லை. "ஆனா அதுல குப்புறத்தான கெடப்பான்? இவன் மல்லாக்கக் கெடக்கான்."

"அது பழைய முறைம்மா," என்றாள் பூங்காவனம். "முதுகுல அமுக்குறது மூச்சுக்கு. இப்ப மல்லாக்கப் போட்டு நெஞ்சுல அமுக்கச் சொல்றாங்க. இது ரத்தம் ஓட."

"அப்ப அந்தப் படத்துல இருக்கிறதும் தப்பா?"

"தப்புன்னு இல்ல... சில பேருக்கு மூச்சு மட்டும் நின்னிருக்கும். சில பேருக்கு நெஞ்சு."

"இவனுக்கு எது நின்னுச்சு?"

"தெரியாதும்மா."

"இப்பிடி அமுக்கியிருந்தா எந்திரிச்சிருப்பானா?"

"மெசின் வர்ற வரைக்கும் உசுரப் புடிச்சு வச்சிருக்கலாம்னு சொல்றாங்க."

"மெசின் எங்க இருந்துச்சு?"

"எங்கயும் இல்ல. பதுளைக்கே இந்த வாரந்தான் வந்துச்சு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். கலண்டர் தாளைப் பார்த்தாள். யாராவது ஒருவரிடம் பதில் இருக்கும், அவர் ஒளித்து வைத்திருக்கிறார் என்பது போல மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப யாருக்குத்தான் தெரிஞ்சிருந்துச்சு?" என்றாள்.

வெளியே காற்று மறுபடி கிளம்பித் தகரத்தைத் தட்டியது. அம்மாவின் முகம் கோணியது. அழப்போகிறாள் என்று பூங்காவனம் நினைத்தாள். அழவில்லை. எழுந்து மூலைக்குப் போய், கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் சாக்கைக் கொண்டுவந்து, நாலாக மடித்து, பிறகு எட்டாக மடித்துத் தரையில் போட்டாள்.

"எப்பிடின்னு காட்டு," என்றாள்.

பூங்காவனம் முழங்காலிட்டுக் காட்டினாள். ஒரு கைமேல் மறுகை. முழங்கை நேராக. எண்ணிக்கொண்டே அமுக்க வேண்டும். பதினைந்து தடவை அமுக்கினாள்.

"நீ நவுரு. நீ இங்கயா இருக்கப் போற," என்றாள் அம்மா. "ஸ்டோருல நிக்கிறவரு செய்யட்டும்."

மாரிசாமி வந்து முழங்காலிட்டார். கைகளைச் சாக்கின்மேல் வைத்தார். மெதுவாக, ஏதோ உடைந்துவிடும் என்பது போல அமுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. கை மடங்கி, சாக்கின்மேல் அப்படியே கவிழ்ந்தார்.

நல்லம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருடைய முழங்கை இரண்டையும் பிடித்து நிமிர்த்தினாள்.

"கைய மடக்காதீங்க," என்றாள். "திரும்ப ஒன்னுலேருந்து எண்ணுங்க."